பெரணி காய்ந்ததும் உன் சென்சார் கேள்வியும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், ஆனால் நீ கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனசு வரவில்லை, இரண்டு மூன்று விஷயங்களை என் வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். முழங்கால் தேறி வருகிறது என்று படித்ததில் பெரிய நிம்மதி. இங்கே மகள் படிக்க வெளியூர் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. ஜன்னலோரம் அவள் வளர்த்த ஒன்பது செடிகளும் இப்போது என் பொறுப்பு.

முதலில் உன் பிரச்சினை. செடித் தொட்டியில் மண் ஈரத்தை அளக்க நீ குத்தி வைத்த சென்சார் ஹோம் அசிஸ்டன்ட்டில் (வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் கவனிக்கும் மென்பொருள்) கொஞ்ச நேரம் தெரிகிறது, அப்புறம் காணாமல் போகிறது என்கிறாய். அது சென்சாரின் கோளாறாக இருக்காது என்று நினைக்கிறேன். உன்னுடைய மி ஃப்ளோரா மாதிரி ப்ளூடூத் சென்சார்கள் ஒரே ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரியில் பல மாதம் ஓட வேண்டியவை, அதனால் அவற்றின் சிக்னல் ரொம்ப மெலிசு. போகிற அலைவரிசையும் 2.4 கிகாஹெர்ட்ஸ். சுவர் அதைப் பாதி தின்றுவிடும், ஈர மண்ணும் அடர்ந்த இலைகளும் மீதியைத் தின்னும். நீயோ அந்தச் சிக்னலைப் பிடிக்கிற ப்ளூடூத் டாங்கிளை, ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் சின்னக் கணினியான ராஸ்பெர்ரி பையின் நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகி வைத்திருக்கிறாய். யுஎஸ்பி 3 கிளப்புகிற மின் இரைச்சல் அதே 2.4 பக்கம்தான் வந்து விழும். ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு, பக்கத்திலுள்ள கறுப்பு போர்ட்டுக்கு மாற்றிப் பார். அப்படியும் சரியாகாவிட்டால் வைஃபையும் ப்ளூடூத்தும் உள்ள ஈஎஸ்பி32 என்ற சின்ன போர்டில் ஈஎஸ்பிஹோம் மென்பொருளை ஏற்றி, செடிகள் இருக்கும் அறையிலேயே ப்ளூடூத் ப்ராக்ஸியாக, அதாவது இடைத்தூதாக, வைத்துவிடு. சென்சார் சொல்வதை அது பக்கத்திலிருந்தே கேட்டு, வைஃபை வழியாக ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு அனுப்பும். ஜிக்பீ என்ற வேறொரு கம்பியில்லா முறையில் பேசும் சென்சார் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ ப்ளக்குகள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அவை சிக்னலைக் கைமாற்றிக் கொடுக்கும், அப்போது வாங்கலாம். இதற்காகவே புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

இப்போது என்னுடைய கதை. மகளின் பெரணித் தொட்டிக்கு நானே ஒரு சென்சார் செய்து வைத்திருந்தேன். உலோகம் மண்ணில் படாமலே ஈரத்தை அளக்கும் கெப்பாசிட்டிவ் வகை அளவி ஒன்று, கூட ஒரு ஈஎஸ்பி32. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, அளவெடுத்து, எம்கியூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாக அனுப்பிவிட்டுத் தூங்கிப்போகும். ஹோம் அசிஸ்டன்ட்டை மறுபடி தொடங்கினாலும் கடைசி எண் உடனே தெரியட்டும் என்று, கடைசி அளவைப் பிடித்து வைக்கச் சொல்லும் ரீட்டெய்ன் அமைப்பைப் போட்டிருந்தேன். ஒரு வாரம் வெளியூர் போனேன். தினமும் போனில் பார்த்தால் ஈரம் 46 சதவீதம். நிம்மதியாக இருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் பெரணி ஓலைகள் நுனியிலிருந்து பழுப்பேறி, தொட்டால் நொறுங்குகின்றன. நான் கிளம்பிய மறுநாளே பேட்டரி இறங்கியிருக்கிறது. அதற்கப்புறம் நான் பார்த்ததெல்லாம் எம்கியூடிடி செய்திகளை வாங்கிக் கைமாற்றும் புரோக்கர் மென்பொருள் பத்திரமாக வைத்திருந்த பழைய 46. அன்று ராத்திரி மகளிடம் போனில் சொல்லும்போது எனக்குக் குரலே வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், நீ முதலில் எழுத வேண்டிய ஆட்டோமேஷன் (தானாக இயங்கும் விதி) மண் காய்ந்தால் வருகிற எச்சரிக்கை அல்ல, சென்சார் பேசாமல் போனால் வருகிற எச்சரிக்கை. எம்கியூடிடி சென்சாருக்கு எக்ஸ்பயர் ஆஃப்டர் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, நான் 10800 விநாடி கொடுத்திருக்கிறேன், அதாவது 3 மணி நேரம். அதற்குள் புது அளவு வராவிட்டால் எண் மறைந்து 'கிடைக்கவில்லை' என்று மாறும், அதைப் பார்த்து ஆட்டோமேஷன் போனுக்கும் செய்தி அனுப்பிவிடும்.

அப்புறம் அந்தச் சதவீதம். அதை அப்படியே நம்பாதே. ஒரே சென்சாரைக் களிமண்ணிலிருந்து பிடுங்கித் தேங்காய் நார்த்தூளில் குத்தினால் வேறு எண் காட்டும், பக்கத்தில் காற்றிடைவெளி இருந்தால் இன்னும் கீழே போகும். நான் செய்வது இதுதான். தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, அடியில் வடிந்து முடிந்ததும் எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். பிறகு சில நாள் காய விட்டு, தினமும் தொட்டியைக் கையில் தூக்கிப் பார்க்கிறேன். எடை குறைந்து, மேல்மண் வெளுத்து, விரலை விட்டால் இரண்டாம் கணு வரை ஈரம் தட்டுப்படாத அன்று காட்டும் எண்தான் அந்தத் தொட்டியின் அடிமட்டம். பெரணியை அதுவரை விடக் கூடாது, அதன் அடிமட்டம் 22, எச்சரிக்கையை 32-இல் வைத்திருக்கிறேன். கற்றாழைக்கு 10 போதும், அது காய்ந்து கிடப்பதையே விரும்புகிற செடி. எல்லாச் செடிக்கும் ஒரே எண் போட்டால் கற்றாழை அழுகும், பெரணி காயும். எண் கீழே போனதும் எச்சரிக்கை அடிக்காமல், 2 மணி நேரம் தொடர்ந்து கீழேயே இருந்தால் மட்டும் வருகிற மாதிரி வை, இல்லாவிட்டால் தேவையில்லாமல் போன் அலறிக்கொண்டே இருக்கும்.

மி ஃப்ளோரா காட்டும் மின்கடத்துத்திறனை, அதாவது மண்ணில் உப்புச்சத்து எவ்வளவு என்று சொல்லும் எண்ணைப் பார்த்து உரம் போடலாம் என்று எழுதியிருந்தாய். மண் காய்ந்தால் அந்த எண்ணும் கூடவே இறங்கும், உரம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து அள்ளிப் போட்டுவிடாதே. தண்ணீர் விட்டு மறுநாள் பார்க்கிற எண்ணை மட்டும் கணக்கில் எடு. நீயே செய்வதாக இருந்தால் இரண்டு உலோகக் கம்பி வெளியே தெரியும் மலிவு வகை வேண்டாம், மின்னோட்டம் பாய்ந்து சீக்கிரம் அரித்துப்போகும். கெப்பாசிட்டிவ் வகையிலும் சர்க்யூட் பலகையின் வெட்டு விளிம்பில் தண்ணீர் ஏறும், அங்கே நகப்பூச்சு இரண்டு கோட் தடவிவிடு.

பெரணியை அடியோடு வெட்டிவிட்டேன். போன வாரம் நடுவிலிருந்து ஒரு சுருள் எட்டிப் பார்த்தது, இன்றைக்கு மூன்று. படம் எடுத்து மகளுக்கு அனுப்பியாயிற்று.

டாங்கிளை மாற்றியதும் சிக்னல் அளவு என்ன காட்டுகிறது என்று எழுது. எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம்; மைனஸ் 70 பக்கம் இருந்தால் போதும், மைனஸ் 90 பக்கமே நின்றால் ப்ராக்ஸி வேண்டியிருக்கும். போர்டு என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, தயார் செய்து அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்