ஒரே அர்த்தம்னு போடாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க மாணவர் பக்கத்துல இங்கிலீஷ் வார்த்தைக்கு நேரா "அதே பொருள்"னு இன்னொரு வார்த்தையை போட்டுட்டு விட்டுடுறீங்க, பசங்க அதை நம்பி ரெண்டையும் எங்க வேணும்னாலும் மாத்தி போட்டுக்கலாம்னு நினைச்சுக்கிறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

சைல்ட்லைக்னு ஒருத்தரை சொன்னா பாராட்டு, குழந்தை மனசுன்னு அர்த்தம். சைல்டிஷ்னா திட்டு. "ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்"னா நண்பர்களே பெருசா இல்லைங்கற குறை, முன்னாடி ஒரு "அ" சேர்த்தா சில பேராவது இருக்காங்கன்னு ஆயிடுது, ஒரே ஒரு எழுத்துதான் சார்! நீதிபதி டிஸ்இன்ட்ரஸ்டடா இருக்கணும், அதாவது எந்தப் பக்கமும் சாயாம, ஆனா அன்இன்ட்ரஸ்டடா இருந்தா வழக்குல அக்கறையே இல்லைன்னு ஆகும் (இப்ப இங்கிலீஷ்காரங்களே நிறைய பேர் இதை குழப்புறாங்கங்கறது வேற விஷயம்).

இங்கிலீஷ்ல கிட்டத்தட்ட ஒரே பொருள்ல இவ்ளோ வார்த்தைங்க இருக்கறதுக்கு ஒரு காரணமும் இருக்கு. 1066ல பிரான்ஸ் பக்கத்துல இருந்து வந்த நார்மன்காரங்க இங்கிலாந்தை பிடிச்சதுக்கு அப்புறம் பிரெஞ்சு வார்த்தைங்க கொட்டுச்சு, லத்தீன்ல இருந்தும் வந்துச்சு, பழைய இங்கிலீஷ் வார்த்தைங்களும் போகல. அதான் பழைய வார்த்தையான ஆஸ்க் வீட்டுப் பேச்சு மாதிரி சாதாரணமா இருக்கு, பிரெஞ்சு வழியா வந்த கொஸ்டின்னா கொஞ்சம் சந்தேகத்தோட கேக்கறது, லத்தீன்ல இருந்து வந்த இன்டராகேட்னா போலீஸ் விசாரணை. மூணுக்கும் "கேள்"னு மட்டும் போட்டா எப்படி?

இனிமே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு உதாரண வாக்கியமாவது சேர்த்துப் போடுங்க சார், இடம் பத்தலைன்னா வார்த்தைகளோட எண்ணிக்கையை குறைச்சுக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்