விரிஞ்சிபுரம் போகலாம் வா, தம்பி

அன்புள்ள தம்பி,

வேலூரில் வரைய என்னக்கா இருக்கு, பாறையும் வெயிலும்தானே என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முதலில் கனடா ஓவியர் ஏ.ஒய். ஜாக்சன் படங்களை நீ அவசியம் பார்க்க வேண்டும். 1882-இல் மாண்ட்ரியலில் பிறந்தவர், 1920-இல் டொராண்டோவில் ‘ஏழ்வர் குழு’ (Group of Seven) என்ற ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தக் குழு என்றாலே ஆளில்லாத காடும் ஏரியும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும், எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. 1921-க்குப் பிறகு அநேகமாக வருஷா வருஷம், பனி இன்னும் கரையாத மார்ச் வாக்கில், கியூபெக்கில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றோரக் கிராமங்களுக்குப் போய்விடுவார். பனியில் கால் புதையாமலிருக்க அகலமான வலைச்செருப்பை மாட்டிக்கொண்டு திரிந்து வீடு, களஞ்சியம், வேலி, குதிரை இழுக்கிற பனிவண்டி என்று வரைந்துகொண்டே இருப்பார். பனிச்செருப்புப் பெரியவர் என்ற பொருளில் அவருக்குப் பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

அங்கே வெளியில் நின்று வரைந்தவை பெரும்பாலும் எட்டரைக்குப் பத்தரை அங்குலப் பலகைகள், ஏஃபோர் தாளைவிடச் சின்னது. அந்தக் குளிரில் வாட்டர்கலர் உறைந்துபோகும், எண்ணெய் வண்ணம் கெட்டியானாலும் வேலை நடக்கும், ஆனால் விரல் மரத்துப்போவதற்குள், வெயில் நகர்வதற்குள் முடித்தாக வேண்டும். அந்த அவசரம்தான் படத்தின் உயிர். வேலிக் கம்பம் ஒரே இழுப்பு, கூரைமேல் பனி இரண்டு பூச்சு, திருத்தவே நேரமில்லை. பிறகு ஸ்டூடியோவில் இவற்றைப் பார்த்துப் பெரிய கேன்வாஸ் போட்டார், அவையும் அருமைதான், ஆனாலும் நான் சின்னதுகளின் பக்கம்.

அப்புறம் அந்தப் பனி. அதில் சுத்த வெள்ளை எவ்வளவு குறைவு என்று பார். வெயில் படுகிற இடத்தில் லேசான மஞ்சளும் ரோஸும் இருக்கும், நிழலில் நீலமும் ஊதாவும். நிழலுக்குள் சூரியன் நேராக விழாது, வானத்து வெளிச்சம் மட்டும் விழும், அதனால்தான் அந்த நீலம். பனிவண்டித் தடத்தில் தேங்கிய அந்த நீலத்தைப் பிடித்துக்கொண்டே நம் கண் ஊருக்குள் நுழைந்துவிடும்.

சரி, இப்போது பாலாற்றுக்கு வா. கத்திரி வெயிலில் தண்ணீரில்லாத மணல் கண்ணைக் கூசும், அதில் டிராக்டர் போன தடம் இருக்கும், தடத்துக்குள் நிழல் இருக்கும். என்ன நிறம்? பழுப்பு என்று சட்டென்று சொல்லாதே, நின்று பார்த்துவிட்டுச் சொல். ஜாக்சன் நின்றதும் பேர்பெற்ற இடங்களில் இல்லை, சாணமும் சேறும் உள்ள சாதாரண ஊர்த்தெருக்களில்தான்.

கோட்டையை எல்லோரும் வரைகிறார்கள், அதை விடு. தச்சரிடம் மிச்சமான பிளைவுட் கேட்டு அதே அளவில் அறுத்து, வண்ணம் பிடிக்க அடியில் பூசுகிற ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சைப் பூசிக் காயவை. ஞாயிறு காலை விரிஞ்சிபுரம் பக்கம் ஆற்றங்கரைக்குப் போவோம், வெயில் ஏறினால் குடை நான் பிடிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா