படம் முடிந்தும் எழுந்து போகாதவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

நம் மாதாந்திரத் திரையிடலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு எழுதும் இந்த நன்றி மடலில் யார் பெயரும் இருக்காது. குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டு வருகிறவர்கள் கூடும் இடத்தில் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு போட்டுக்கொடுத்த வழக்கம். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். ஆனாலும் படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி என் தம்பிக்கு. "கூட்டத்துல என் கதையைச் சொல்லச் சொன்னா வாய் வரமாட்டேங்குது. ஒரு படத்தைப் போடுங்க, அதுல வர்றவனைப் பத்திப் பேசச் சொல்லுங்க, பேசுறேன்" என்று அவன் சொன்னதில்தான் இந்த மாதாந்திரத் திரையிடலே தொடங்கியது. அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒருவர் முதன்முதலில் பேசிய வாக்கியம், "அந்த ஆள் பொய் சொல்றான், இன்னொரு பாட்டில் எங்கேயோ வெச்சிருக்கான்." உண்மையில் வைத்திருந்தான். அப்போது ஓடிக்கொண்டிருந்தது 1945இல் வந்த 'தி லாஸ்ட் வீக்கெண்ட்'. சிறந்த படம், இயக்குநர், நடிகர், திரைக்கதை என்று நான்கு ஆஸ்கர் வாங்கிய படம். ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்கும் பாட்டிலோடு தொடங்கும். இன்னொரு பாட்டில் கூரை விளக்குக்குள் இருக்கும். ஒளித்துவைத்த அவனே அதை மறந்துபோய், படுத்துக்கொண்டு மேலே பார்க்கும்போதுதான் நிழல் தெரியும். அந்தக் காட்சியில் எங்கள் கூடத்தில் எழுந்த சிரிப்பை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். அப்புறம் ஆளாளுக்குத் தாங்கள் ஒளித்துவைத்த இடங்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஃப்ளஷ் டேங்க், பழைய செருப்புப் பெட்டி, மகளின் பள்ளிப் பையின் அடியில். கடைசியாகச் சொன்னவர் சிரிக்கவில்லை.

அடுத்து எங்கள் செவிலியர் அக்காவுக்கு. ஒவ்வொரு படத்தையும் முன்கூட்டியே பார்த்து, ஒரு கோடு போட்ட நோட்டில் குறிப்பெழுதிக் கொண்டுவருவார். 'கிளாஸில் ஊற்றும் சத்தம், ஒலியைக் குறைக்கவும்', 'ஊசி நெருக்கத்தில், முன்னாலேயே சொல்லிவிடவும்' என்கிற மாதிரி. நான் ஆரம்பத்தில் இது கொஞ்சம் அதிகம் என்றுதான் நினைத்தேன். விட்டு எத்தனை காலம் ஆனாலும் பாட்டில் மூடி திறக்கும் சத்தமும், ஐஸ் கிளாஸில் விழும் சத்தமும் ஆசையைக் கிளப்பிவிடும், மனது வேண்டாம் என்றாலும் வாயில் எச்சில் ஊறும் என்று அவர்தான் புரியவைத்தார். குடியின் கேடுகளைச் சொல்ல வந்த படமே அழகான விளக்கொளியில் தங்க நிறத்தில் சரக்கைக் காட்டினால், பார்க்கிறவருக்குக் கேடா தெரியும்?

கதவருகே உட்கார்ந்திருந்த இருவருக்கு. யாராவது எழுந்து வெளியே போனால் கூடவே எழுந்து போவதுதான் உங்கள் வேலை. 'ஃப்ளைட்' (2012) படத்தில் விமானி ஒருவர், விமான விபத்து விசாரணைக்கு முந்தைய இரவு, ஓட்டல் அறையில் சின்னச் சின்ன பாட்டில்கள் நிறைந்த குளிர்பெட்டியைத் திறப்பார். ஒன்றை எடுப்பார், மேலே வைத்துவிடுவார். அப்பாடா என்று நாம் மூச்சுவிடும் நேரத்தில் கை திரும்ப வந்து அதை அள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் வெளியே போனார். நீங்கள் அறிவுரை எதுவும் சொல்லாமல், வீடு வரைக்கும் அவரோடு நடந்தீர்கள். அன்றிரவு அவர் குடிக்கவில்லை. பிறகு ஒருமுறை குடித்தார். மறுபடியும் வந்தார். இப்போதும் பின்வரிசைதான்.

மருத்துவருக்குக் கொஞ்சம் நீளமாகவே நன்றி சொல்ல வேண்டும். 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' 1955இல் வந்தபோது, போதைப் பழக்கத்தைத் திரையில் காட்டவே கூடாது என்பது ஹாலிவுட் தணிக்கை விதி. முத்திரை இல்லாமலே படம் வெளியானது, மறு ஆண்டே விதியைத் திருத்தினார்கள். பெரிய தைரியம்தான். ஆனால் அதில் நாயகனை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். துடிப்பான், புரளுவான், தெளிந்துவிடுவான். அந்த இடம் வந்ததும் ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் "நாமளும் இப்படிச் செஞ்சா என்ன?" என்று கேட்டது உங்கள் காதில் விழுந்தது. படத்தை நிறுத்தச் சொன்னீர்கள்.

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வேறு வீடுகளுக்கும் போய்ச் சேரட்டும். தினமும் நிறையக் குடிப்பவரிடமிருந்து குடியைத் திடீரென்று பிடுங்கினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் காய்ச்சல், குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது என்று முற்றி, உயிரே போகலாம். 'லாஸ்ட் வீக்கெண்ட்' நாயகன் சுவரில் எலியையும் வௌவாலையும் பார்த்து அலறுவானே, அது கற்பனை இல்லை. தூக்க மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ஹெராயினை நிறுத்தும்போது உடம்பு படும் பாடு கொடுமையானது, என்றாலும் அதனால் உயிர் போவது அரிது. அங்கே பயப்பட வேண்டியது வேறு: கொஞ்ச நாள் விட்டவர் மறுபடி பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது. ஆக, பூட்டு வேண்டாம், மருத்துவமனை வேண்டும். அந்த அம்மா மறுநாளே மகனைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்தார். அந்த மாதம் படத்தை யாரும் முழுதாகப் பார்க்கவில்லை, பரவாயில்லை.

தமிழ் சப்டைட்டில் போட்டுக்கொடுத்த கல்லூரி மாணவிக்கும் நன்றி. தேர்வு நேரத்திலும் ராத்திரி உட்கார்ந்து முடித்தாயம்மா. உன்னால்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்' (1962) பார்க்க முடிந்தது. குடிக்காத பெண்ணுக்கு, பின்னால் கணவனாகப் போகிறவன் குடியைப் பழக்கிவிடுகிறான். பிறகு அவன் மீள்கிறான், அவளால் முடியவில்லை. படம் அதோடு நின்றுவிடுகிறது. அன்றைக்குப் பேசியவர்கள் எல்லாருமே மனைவிகள். "அவர் நிறுத்திட்டார், ஆனா ராத்திரி கேட் சத்தம் கேட்டா என் கை இன்னும் நடுங்குது" என்றார் ஒருவர். குடிக்கிறவரைக் காட்டும் கேமரா இந்தப் பக்கம் திரும்புவது அபூர்வம்.

தேவதாஸையும் விட்டுவிட முடியாது. வங்க எழுத்தாளர் சரத்சந்திரர் 1917இல் வெளியிட்ட நாவல், அப்புறம் எத்தனை மொழியில் எத்தனை படம்! 1953இல் தமிழிலும் தெலுங்கிலும் நாகேஸ்வர ராவ் இருமியபடியே பாட்டிலோடு நின்ற பிறகு, குடிப்பவனுக்குப் பின்னால் ஒரு காதல் தோல்வி இருந்தே ஆகவேண்டும் என்று ஆகிப்போனது. எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னார்: "எனக்குக் காதலிச்ச பொண்ணோடயே கல்யாணம் ஆயிடுச்சு. குடிக்கிறதுக்குச் சம்பள நாள் போதும், இல்லைன்னா ஞாயிற்றுக்கிழமை போதும்." ஐயா, இந்த ஒரு வரிக்காகவே உங்களுக்குத் தனி நன்றி.

எங்களோடு சண்டை போட்டவருக்கும் நன்றி சொல்லாமல் முடியாது. 'லாஸ்ட் வீக்கெண்ட்' முடிவில் நாயகன் சிகரெட்டை விஸ்கி கிளாஸில் போட்டு அணைத்துவிட்டு, எழுத உட்காரப் போகிறான். எல்லாரும் கைதட்டினோம். நீங்கள் மட்டும் எழுந்து, "இந்த கிளாஸ்ல சிகரெட்டைப் போட்டுட்டான், சரி. அடுத்த கிளாஸை என்ன பண்ணுவான்? மறுநாள் காலையில கை நடுங்கும்ல, அதை ஏன் காட்டலை?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து எந்தப் படம் முடிந்தாலும் விளக்கைப் போட்டதும் எங்கள் முதல் கேள்வி அதுதான்: மறுநாள் காலை என்ன? விழுவதையும் சபதம் எடுப்பதையும் சினிமா பிரமாதமாகக் காட்டும். சபதத்துக்குப் பின்னால் வரும் சலிப்பு, தூக்கமின்மை, பழைய நண்பனின் போன், நம்பாத மனைவி, இவற்றுக்கெல்லாம் படத்தில் நேரம் இருப்பதில்லை. அந்தப் பகுதியை நீங்கள்தான் பேசிப் பேசி நிரப்பினீர்கள்.

விதிவிலக்காக ஒரு படத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த தம்பியின் நண்பனுக்கும் நன்றி. 'சவுண்ட் ஆஃப் மெட்டல்' (2019) படத்தில் ஹெராயினை விட்டு நான்கு ஆண்டு ஆன டிரம்மருக்குக் காது கேட்காமல் போகிறது. அவன் போதையைத் தொடுவதே இல்லை. ஆனால் பழைய வாழ்க்கையை எப்படியாவது உடனே திரும்பப் பிடித்துவிட வேண்டும் என்று, குடியிருந்த வண்டியைக்கூட விற்று அலைகிறான். அவனைத் தாங்கிய பெரியவரே, 'இப்போது நீ பேசுவது அடிமையானவன் பேசுவது போலத்தான் இருக்கிறது' என்ற பொருளில் சொல்லிவிடுகிறார். செவிலியர் அக்காவின் நோட்டில் அந்தப் படத்துக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆனால் அதிக நேரம் பேச்சு நடந்தது அதற்குத்தான்.

இடம் கொடுத்த மறுவாழ்வு மையத்துக்கும், புரொஜெக்டரை இரவல் தந்து அதைத் திரும்பக் கேட்காமலே இருப்பவருக்கும், நாற்காலி தூக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். அடுத்த மாதப் படம் இன்னும் முடிவாகவில்லை. பெண் குடிநோயாளியை மையமாக வைத்த படம் வேண்டும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் செவிலியர் அக்காவிடம் சொல்லிவிடுங்கள், அவர் பார்க்க நேரம் வேண்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவனின் அக்கா