குட்டிக்கரணம் போடும் படகுகள்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை, மற்றபடி குறையில்லை.

ஹைட்ரோபிளேன் என்கிற அதிவேகப் பந்தயப் படகு ஏன் குட்டிக்கரணம் போடுகிறது என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன். 2018 நவம்பரில் அமராவதியில், கிருஷ்ணா ஆற்றில் நீ பார்த்தது ஹைட்ரோபிளேன் இல்லை. அது எஃப்1 எச்2ஓ என்கிற உலக மோட்டார் படகுப் பந்தயத்தின் படகு. இரண்டு மிதவைகளுக்கு நடுவே காற்று புகும் டனல் ஹல் (சுரங்கம் போன்ற அடிப்பாகம்), பின்னால் வெளியே மாட்டிய 2.5 லிட்டர் அவுட்போர்டு எஞ்சின். 2017-ல் இங்கே மரைன் டிரைவில் ஓடிய பி1 பந்தயப் படகுகள் இன்னொரு ரகம். அலையை வெட்டிக்கொண்டு போக அடிப்பாகம் 'வி' வடிவில் இருக்கும்.

ஹைட்ரோபிளேனுக்கு அலையே ஆகாது. முழு வேகத்தில் அது தண்ணீரைத் தொடுவது மூன்றே இடத்தில்: முன்பக்கத்து இரண்டு ஸ்பான்சன்களின் (பக்கவாட்டு மிதவைகளின்) பின்விளிம்பு, கடைசியில் ப்ரொப்பல்லரின் கீழ்ப்பாதி. ப்ரொப்பல்லர் முழுதாக மூழ்கினால் அதன் ஷாஃப்டும் தாங்கியும் தண்ணீரில் இழுபடும். அந்த இழுவையை மிச்சம் பிடிக்கத்தான் பாதியை வெளியே விட்டார்கள். 1950-ல் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் 'ஸ்லோ-மோ-ஷன் 4' மணிக்கு 160 மைல் (258 கி.மீ.) தொட்டது இந்த வித்தையால்தான். இன்றைய பெரிய படகுகளில் இருப்பது லைகாமிங் டி55 டர்பைன். நம் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டரில் சுழல்வதும் இதே குடும்பத்து எஞ்சின்தான். படகு சுமார் 3 டன், எஞ்சின் சுமார் 3,000 குதிரைத்திறன். நேர்ப்பாதையில் மணிக்கு 320 கி.மீ. வரை போகும்.

ஏன் குட்டிக்கரணம் போடுகிறது என்கிறாயே, அடியில் காற்று ஓடும் அந்த அகலமான உடம்பே ஓர் இறக்கைதான். காற்றின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 300 கி.மீ.-ல் போகும்போது எதிரே 20 கி.மீ. காற்று சட்டென்று அடித்தால் தூக்குவிசை 14 சதவீதம் கூடிவிடும். மூக்கு சற்று நிமிரும். நிமிர்ந்தால் காற்றுக்கு இன்னும் அதிக அடிப்பாகம் கிடைக்கும், தூக்கல் மேலும் கூடும். அதற்கப்புறம் படகு விமானம்தான், ஓட்டுநர் பயணிதான். இதைத் தடுக்க முன்னால் ஒரு சிறு சிறகு உண்டு. ஓட்டுநர் அதைக் காலால் மிதித்து மூக்கை அமுக்குவார். என்னைக் கேட்டால் இந்தப் பந்தயத்தின் சிலிர்ப்பு முழுக்க அந்த மிதியில்தான் இருக்கிறது. ரொம்ப அமுக்கினால் ஸ்பான்சன் தண்ணீரில் உரசி வேகம் போகும், விட்டால் ஆளே போவார். 1981-ல் மெக்சிகோவின் அக்கபுல்கோவில் பில் மன்சி, மறு ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் டீன் செனோவெத் என்று இரண்டு பெரிய ஓட்டுநர்கள் போனது இப்படிக் கவிழ்ந்துதான். அதற்குப் பிறகுதான், 1986-ல், எஃப்-16 போர் விமானத்தின் கண்ணாடிக் கூண்டு படகில் ஏறியது. ஓட்டுநருக்குப் பெல்ட்டும் காற்று முகமூடியும் உண்டு. படகு தலைகீழாகக் கிடந்தால் வெளியேற அடிவயிற்றிலேயே ஒரு கதவும் வைத்திருக்கிறார்கள்.

திருப்பத்தில் வேறு தலைவலி. இடது ஸ்பான்சனுக்குப் பின்னால் ஸ்கிட் ஃபின் என்று ஓர் உலோகத் தகடு தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். பிடிமானம் அதுதான், அதனால் எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். தகடு முறிந்தால் படகு வெளிப்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போகும். முன்னால் போகிற படகு கிளப்பும் நீர்ச்சுவருக்குள் மாட்டினாலும் போச்சு, டர்பைன் தண்ணீரைக் குடித்து அணைந்துவிடும். அதனால்தான் உள்பாதைக்கு அந்த அடிதடி.

தொடக்கமும் நின்ற இடத்திலிருந்து இல்லை. ஓடிக்கொண்டே வந்து, பெரிய கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும் அதே நொடியில் கோட்டைக் கடக்க வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் தண்டனை. பாதிப் பந்தயம் அங்கேயே முடிந்துவிடும்.

இந்தப் பந்தயத்தை இங்கே சௌபாட்டிக் கடற்கரையில் நடத்தினால் என்ன என்று கேட்டிருக்கிறாய். நடக்காது. அரபிக்கடல் அலையில் ஸ்பான்சன் ஒருமுறை துள்ளினாலே மேலே சொன்ன கதைதான். பவாய் ஏரி தட்டையாக இருக்கிறது, ஆனால் அங்கே ஆகாயத்தாமரையும் முதலையும் குடியிருக்கின்றன!

கடைசியாக, உன் மருமகனின் ரிமோட் படகு. அது மல்லாந்து விழுவதாக எழுதியிருந்தாய். பேட்டரியை முன்பக்கமாக நகர்த்தச் சொல், ஒருமுறைக்கு ஒரு விரல் அகலம் மட்டும். மூக்கு தண்ணீரில் புதைய ஆரம்பித்தால் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளட்டும். எதிர்காற்றில் முழு த்ராட்டில் வேண்டாம். ஃபின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கச் சொல். ரிமோட் படகுகளில் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே திருப்ப வேண்டும், மறுபக்கம் வேகமாக ஒடித்தால் உருண்டுவிடும். ப்ரொப்பல்லர் இதழில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடட்டும், அது பறந்து வந்தால் கை கிழியும்.

பேட்டரியை நகர்த்திய பிறகு எப்படி ஓடுகிறது என்று எழுது.

அன்புடன்,
முரளி