அந்தக் கேத்திலைக் கொண்டுவராதே

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பகலில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போய்விடுகிறேன். மான்கள் வழக்கம்போல நகரமெல்லாம் சுற்றுகின்றன. நேற்று ஒன்று மரக்கறிக் கடை வாசலில் நின்று கோவா இலையைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.

எனக்கென்று ரொறன்ரோவில் கேத்தில் வாங்கிவிட்டதாகவும், பிளக்குக்கு அடாப்டரும் ஆயத்தம் என்றும் எழுதியிருக்கிறாய். உன் அன்பு தெரியாதா? ஆனாலும் அதைக் கொண்டுவராதே. அடாப்டர் பிளக்கின் கால்களைத்தான் மாற்றும், வோல்ற்றளவை மாற்றாது.

கேத்திலின் அடியில் 120 வோல்ற்று, 1500 வாற்று என்று இருப்பதாக நீயே எழுதியிருந்தாய். வோல்ற்றளவை மின்னோட்டத்தால் பெருக்கினால் வலு. ஆகவே 1500ஐ 120ஆல் வகுத்துப் பார்: அங்கே அது இழுப்பது 12.5 அம்பியர். இனி 120ஐ 12.5ஆல் வகு: உள்ளே சூடேறும் சுருள் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை 9.6 ஓம். மின்னோட்டமும் வலுவும் ஊருக்கு ஊர் மாறும். சுருளின் தடையோ கூடப் பிறந்த குணம், கடல் தாண்டினாலும் மாறாது. அந்த 9.6 ஓமை எங்கள் 230 வோல்ற்றில் செருகினால் ஏறத்தாழ 24 அம்பியர் பாயும்; வலு 5500 வாற்றைத் தொடும். என் குசினிப் பிளக் தாங்குவது 13 அம்பியர். உருகி முந்திக்கொண்டால் தப்பினோம். இல்லாவிட்டால் தேநீருக்குப் பதில் புகைதான்.

வோல்ற்றளவு இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வலு எப்படி மூன்றரை மடங்கைத் தாண்டியது என்று கேட்பாய். என்னிடம் ரியூசனுக்கு வரும் சாதாரண தரப் பிள்ளைகளும் இந்த இடத்தில்தான் இடறுவார்கள். வோல்ற்றளவு கூடினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும். பெருக்கப்படும் இரண்டுமே ஏறியிருப்பதால் வலு வர்க்கமாக ஏறுகிறது. இறங்கும்போதும் அப்படித்தான். 230 வோல்ற்றுக்குச் செய்த என் 1500 வாற்றுக் கேத்திலை உன் வீட்டில் போட்டால் நானூறு வாற்றுச் சொச்சம்தான் கிடைக்கும். தண்ணீர் கொதிப்பதற்குள் உன் மனைவி இருவரையும் திட்டித் தீர்த்துவிடுவாள்.

இதில் ஒரு பையன் என்னை மடக்கப் பார்த்தான். பழைய 60 வாற்று இழை மின்குமிழுக்குக் கணக்குப்படி 880 ஓம் வரவேண்டும். தடை அளக்கும் மல்டிமீற்றர் 70ஐக்கூட எட்டவில்லை, ஓமின் விதி பொய்யா சேர் என்றான். நல்ல கேள்வி. வோல்ற்றளவும் மின்னோட்டமும் ஒரே விகிதத்தில் மாறும் என்று 1827இல் ஜோர்ஜ் சைமன் ஓம் வெளியிட்ட அந்த விதி வெப்பநிலை மாறாதிருக்கும்போது பொருந்துவது. அவன் அளந்தது குளிர்ந்த இழையை. எரியும்போது தங்ஸ்தன் இழை 2000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும், தடையும் பல மடங்கு ஏறும். கேத்தில் சுருள் பெரும்பாலும் நிக்குரோம் என்ற நிக்கல்–குரோமியக் கலப்புலோகம். அதன் தடை சூட்டில் அவ்வளவாக அசையாது. அதனால்தான் உன் கேத்திலைக் காணாமலே இவ்வளவு துணிந்து கணக்குப் போடுகிறேன்.

வெந்நீர்தான் வேண்டுமென்றால் கன்னியாவில் ஏழு கிணறு இருக்கிறது என்று நீ பகிடி விடுவாய். அது குளிக்கத்தான் காணும், தேயிலை போட முடியாது.

பிள்ளைகளின் தொலைபேசிச் சார்ஜர்களில் 100–240 வோல்ற்று என்று அச்சிட்டிருந்தால் தாராளமாகக் கொண்டுவரட்டும். நீ வாங்கிய அடாப்டர் அவற்றுக்கு உதவும். கேத்திலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரும் திகதியை எழுது.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்