சபைகள் மணிக்கணக்கும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவ சபையில் ஒரு பிள்ளை படித்து வேலைக்குப் போய்விட்டால், அடுத்த மாதமே ஞாயிறு பாடசாலை அதன் தலையில் விழுகிறது. எழுத வாசிக்க நன்றாகத் தெரியும் என்று செயலாளர் பதவி, மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று வாலிபர் கூட்டம், சம்பளம் வாங்குகிறவர் கையில் காசு பத்திரமாக இருக்கும் என்று பொருளாளர் பொறுப்பு. சில வருடத்தில் அவர் கோயில் பக்கமே வருவதில்லை. வேலை கிடைத்ததும் விசுவாசம் குளிர்ந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவருடைய வாரத்தை யாராவது ஒருமுறை கூட்டிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

கடை, காரியாலய ஊழியருக்கு இலங்கைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேர வேலை. பஸ்ஸில் போக வர நாளுக்கு இரண்டு மணி என்றால் ஆறு நாளைக்கு இன்னும் 12 மணி. அதற்கு மேல் ஞாயிறு வகுப்புக்கு ஆயத்தம் 2, வகுப்பு 1, ஆராதனை 2, பாடற்குழுப் பயிற்சி 2, காணிக்கைக் கணக்கு 1, வாலிபர் கூட்டம் 3, மலையேறி இறங்கி வீட்டு ஜெபக்கூட்டம் 3 என்று சபைக்கு மட்டும் 14 மணி. எல்லாம் சேர்த்து 71. இதில் முதலில் விடுபடுவது தனி ஜெபம். பிறகு தூக்கம். அதற்குப் பிறகு திங்கட்கிழமைக் கணக்கில் பிழை வரும், மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார்.

இப்படிச் சொன்னால் உடனே வரும் பதில், "பவுல் கூடாரம் செய்துகொண்டே ஊழியம் செய்யவில்லையா?" என்பது. செய்தார். கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி அந்தத் தொழிலைச் செய்தார். ஆனால் அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தில் மூன்றாம் வசனத்தோடு நிறுத்திவிடாமல் ஐந்தாம் வசனத்தையும் வாசிக்க வேண்டும். மக்கெதோனியாவிலிருந்து சீலாவும் தீமோத்தேயுவும் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் முழுமூச்சாகப் பிரசங்கத்தில் இறங்குகிறார். அங்கிருந்து வந்த சகோதரர் தம் குறைவை நிறைவாக்கினதாக அவரே பின்னர் கொரிந்தியருக்கு எழுதுகிறார். கைகொடுக்க ஆளும் பொருளும் வந்தபோது கூடார வேலை பின்னுக்குப் போயிற்று. கைகொடுக்காத சபைக்குப் பவுலை உதாரணம் காட்ட உரிமையில்லை.

ஆகவே ஒருவருக்கு ஒரு பொறுப்புப் போதும், அதுவும் இரண்டு வருடத்துக்கு மட்டும். முதல் நாளிலிருந்தே ஓர் உதவியாளரைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வரும்போது பதிவேடு எந்த அலுமாரியில் இருக்கிறதென்று தெரிந்த ஒருவர்கூட மிஞ்சமாட்டார்.

காணிக்கைப் பணம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. வேலைக்குப் போகும் பொருளாளர் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். ஆராதனை முடிந்த கையோடு, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் ஆளுக்கொரு தடவை எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்து வந்தபின் இலக்கத்திலும் எழுத்திலும் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். பணம் ஓர் ஆளிடம், கொப்பி வேறோர் ஆளிடம். திங்கள் மூன்று மணிக்கு வங்கி மூடிவிடும், வேலையிலிருந்து ஓட முடியாது. ஆகவே பணம் வைப்பிடும் இயந்திரத்தில் போட வேண்டும்; அது தாளை மட்டுமே வாங்கும். சில்லறையைப் பத்துப் பத்தாக அடுக்கி, சில்லறைக்கு அலையும் பலசரக்குக் கடையில் அன்றே தாளாக மாற்றிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் பையை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டால், மாதக் கடைசியில் சொந்தக் காசும் காணிக்கையும் கலந்துவிடும். களவெடுக்கும் எண்ணமே இல்லாத நல்ல பிள்ளைகள் அவமானப்பட்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

கொழுந்தெடுக்கும் தாய்மாரையும் நினைக்க வேண்டும். விடியுமுன் எழும்பிச் சமைத்துவிட்டு, ஏழரை மணிபோல மலையில் நிற்க வேண்டியவர்கள். விதித்த கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அவர்கள் வசிக்கும் வரிசை வீட்டு அறையான காம்பராவில் இரவு பத்து வரைக்கும் ஜெபக்கூட்டம் நடத்துவது பக்தி ஆகாது. ஏழு மணிக்குத் தொடங்கி எட்டுக்கு முடிக்கலாம்: இரண்டு பாட்டு, ஒரு வேதபாகம், பத்து நிமிடப் பேச்சு, மிச்ச நேரம் ஜெபம். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வேண்டாம் என்று சபையே தீர்மானித்தால், வசதியில்லாத வீடும் தயங்காமல் கூட்டத்துக்கு அழைக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் இருக்கையில் தனி ஜெபத்துக்கு மூலை எங்கே கிடைக்கும்? மாலை ஐந்திலிருந்து ஏழு வரை கோயில் கதவைத் திறந்து வைத்தாலே பெரிய உதவி.

வேலை செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காரியாலய நேரத்தில் சபைக் கடிதம் தட்டச்சு செய்வதும், அங்குள்ள இயந்திரத்தில் பாட்டுத்தாள் பிரதி எடுப்பதும், பிள்ளைகளை எழுத வைத்துவிட்டு வகுப்பறையில் பிரசங்கம் ஆயத்தம் செய்வதும் ஊழியக் கணக்கில் சேராது. இருபது நிமிடப் பிரசங்கத்துக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். திங்களன்று வேதபாகத்தைச் சத்தமாக வாசித்து, புதனன்று சொல்ல வேண்டிய ஒரே காரியத்தை ஒரு வரியில் எழுதி, வெள்ளியன்று முழுதாக எழுதி, சனியன்று மணிக்கூட்டை வைத்துப் பேசிப் பார்க்கலாம். சனி இரவில் தொடங்குகிறவர் யூடியூப்பில் கேட்டதைத்தான் ஒப்புவிப்பார். இந்த உழைப்பை மாதம் நான்கு தடவை வேலைக்குப் போகும் எவராலும் தர முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

ஞாயிறு ஓய்வில்லாதவர்களைச் சபை மறந்தே போகிறது. தோட்டத்துச் சனம் டவுனுக்கு வரும் நாள் ஞாயிறு. கடைப் பிள்ளைகளுக்கு அன்று லீவு கிடைப்பது அரிது. 1966 முதல் 1971 வரை, நிலவின் கட்டத்தை ஒட்டி வரும் பௌத்தப் புனித நாளான போயாவே வார விடுமுறையாகி, ஞாயிறு நாடெங்கும் வேலை நாளாக இருந்தது. அப்போதும் ஆராதனை நின்றுவிடவில்லை. ஆகவே கிழமை நடுவில் ஒரு மாலை ஆராதனை வைக்க முடியும். நிர்வாகக் கூட்டங்களை மாதாந்தப் பௌர்ணமிப் போயா விடுமுறைக்குத் தள்ளினால் ஞாயிறு பிற்பகல் குடும்பத்துக்கு மிஞ்சும்.

பெரிய வெள்ளி அரச, வங்கி விடுமுறை. கடைகளுக்கான சட்டபூர்வ விடுமுறைகளில் அது இல்லை. கடை ஊழியருக்கு வருடத்தில் 7 நாள் தற்செயல் லீவு உண்டு. சேர்ந்த முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள்தான். அதை டிசம்பர் கரோலுக்கும் கல்யாணத்துக்கும் செலவழித்துவிடாமல், வருடத் தொடக்கத்திலேயே கலண்டரில் பெரிய வெள்ளியைக் குறித்து, இரண்டு வாரம் முன்னதாக எழுத்தில் கேட்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைக் கடை முதலாளிமாரிடம் எங்கள் வேண்டுகோள்: முழு நாள் லீவு கொடுக்க வசதியில்லாவிட்டால், அன்று பன்னிரண்டு முதல் மூன்று மணி வரையாவது அந்தப் பிள்ளைகளை ஆராதனைக்கு விடுங்கள். அந்த நேரத்தை இன்னொரு நாள் மாலையில் நின்று ஈடுசெய்வார்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.