குளிர் நாட்டுல எதுக்குப்பா ஏசின்னு கேட்டியே

பாப்பா,

உன் வீட்டு ஓனர் ஏசி எல்லாம் தேவையில்லன்னு சொல்றாருன்னா அவருக்கு 2021 ஜூன் மறந்துபோச்சுன்னு அர்த்தம். கனடாவுல உங்க பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல, வான்கூவர்ல இருந்து வடகிழக்க மலைக்குள்ள லிட்டன்னு ஒரு சின்ன ஊரு, அட்லஸ்ல பாத்தா 50 டிகிரி வடக்குல கிடக்கு, நம்ம திருச்செந்தூர் எட்டரைதான். அந்த லிட்டன்ல ஜூன் 29 செவ்வாக்கிழமை வெயில் 49.6 டிகிரி. அதுக்கு முன்னாடி கனடா மொத்தத்துக்கும் ரெக்கார்டு 45, அதுவும் 1937ல வந்தது. அத 27ஆம் தேதி உடைச்சு, 28 திரும்ப உடைச்சு, 29 திரும்பவும் உடைச்சு, மறுநாள் தீப்பிடிச்சு ஊர்ல முக்கால்வாசிக்கு மேல எரிஞ்சே போச்சு. 2003ல மெட்ராஸ்ல அவிஞ்சோம்னு இன்னும் சொல்லிக்கிட்டிருக்கோமே, அதுவே 45தான்.

வெப்ப மண்டலம், மித வெப்ப மண்டலம், குளிர் மண்டலம்னு நான் கிளாஸ்ல மேப்புக்கு கலர் அடிக்கச் சொல்லுவேன்லா, அது பொய்யில்ல, ஆனா அது பல வருஷ சராசரி. எந்த மாசம் ஸ்வெட்டர் வேணும்னு அது சொல்லும், ஒரு செவ்வாக்கிழமை என்ன ஆகும்னு சொல்லாது.

அந்த வாரம் நடந்தது என்னன்னா, மேல பத்து கிலோமீட்டர் உயரத்துல மேற்கருந்து கிழக்க ஓடுற ஜெட் காத்து பெருசா வளைஞ்சு அப்படியே நின்னுடுச்சு. வளைவுக்குள்ள உயர் அழுத்தம், காத்து மேலருந்து கீழ அமுங்கும், அமுங்க அமுங்க சூடாகும், சைக்கிளுக்கு காத்தடிச்சா பம்போட அடி சுடுமே அதே கணக்கு. மேகம் கட்டாது, ஜூன் கடைசியில அங்க பகலே 16 மணி நேரம், மண்ணும் காஞ்சு கிடந்தா கேக்கவே வேண்டாம். காத்து இப்படி வளையுறது புதுசில்ல பாப்பா, எப்பவும் நடக்குறதுதான், ஆனா இப்ப அது ஏற்கனவே சூடான பூமிக்கு மேல வந்து உக்காருது. பூமி சூடாகாம இருந்திருந்தா இந்த வெயில் வர வாய்ப்பே கிட்டத்தட்ட இல்லன்னு விஞ்ஞானிங்க கணக்கு போட்டு சொல்லிட்டாங்க.

உங்க மாகாணத்துல மட்டும் அந்த ஒரு வாரத்துல 619 பேர் செத்தாங்க. ரோட்டுல விழுந்து இல்ல, கிட்டத்தட்ட எல்லாருமே வீட்டுக்குள்ளயே. மூணுல ரெண்டு பங்கு எழுபது வயசானவங்க, அதுக்கு மேல உள்ளவங்க, பாதிக்கு மேல தனியா இருந்தவங்க.

அதே வருஷம் நவம்பர்ல அதே மாகாணத்துல மழை கொட்டி ரோடு, ரயில் எல்லாம் அறுத்துக்கிட்டு போய் வான்கூவரே துண்டா நின்னுச்சு. காத்து ஒரு டிகிரி சூடானா சுமாரா 7 சதவீதம் கூடுதலா நீராவி தாங்கும், இறக்கும்போது மொத்தமா இறக்கிடும். இத உனக்கு நான் பாடம் எடுக்கணுமா, 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ., புயல்கூட கிடையாது, நம்ம வறண்ட தூத்துக்குடி ஜில்லாவுக்கு ஒரு வருஷம் பெய்யுறதே அவ்வளவு இல்ல, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னுபோய் ஜனங்க சோத்துக்கு தவிச்சாங்க.

அதனால ஓனர்கிட்ட சண்டை போடாத, 2024ல இருந்து புதுசா கட்டுற வீட்டுல ஒரு ரூமாவது 26 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு உங்க மாகாணத்துலயே விதி வந்திருக்குன்னு மட்டும் சொல்லு. உன் பில்டிங் பழசு, நீ இருக்கறது மேல் மாடி, ஜன்னல் வேற மேக்கால பாத்து இருக்கு. ஜன்னல்ல குழாய் விடுற சின்ன ஏசியா பாத்து மே மாசத்துக்குள்ள வாங்கிடு, வெயில் வந்தப்புறம் கடையில ஸ்டாக் இருக்காது. 35க்கு மேல போனா வெறும் ஃபேன் சூடான காத்தத்தான் மூஞ்சில அடிக்கும். பகல்ல திரைய இழுத்து விடு, ராத்திரி ஜன்னலத் திற.

பக்கத்து வீட்டுல தனியா ஒரு பாட்டி இருக்காங்கன்னியே, அந்த மாதிரி நாள்ல காலைல ஒருக்க சாயங்காலம் ஒருக்க அவங்க கதவத் தட்டு, முடிஞ்சா உன் ரூம்ல கூட்டிட்டு வந்து உக்கார வை. காசு குறையுதுன்னா என்கிட்ட சொல்லு, அம்மாகிட்ட சொன்னா அவ அதுக்கு ஒரு கதை ஆரம்பிப்பா.

அப்பா